நாசகாரி என்றொரு காவற்கலம்

‘டிஸ்ட்ரோயர்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் போர்க்கப்பலை நம் தமிழ்ப் பத்திரிகையுலகம் ‘நாசகாரிக் கப்பல்’ என மொழிபெயர்த்து வழங்கியது. நாசத்தைச் செய்வது நாசகாரி. சொல்லளவில் அம்மொழிபெயர்ப்பிற் பிழையில்லை. ஆயினும், அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே, ஊரைச் சுட்டெரித்து உயிர்களைச் சூறையாடும் ஓர் அரக்கக் கலமே மனக்கண்முன் தோன்றுகிறது. வரலாற்று நூலொன்றில் இச்சொல்லைக் கண்ட மாணவன் ஒருவன், “ஐயா, இது எதிரியின் கப்பலா, காக்க வந்த கப்பலா?” என்று என்னை வினவினான். அது சிறுபிள்ளை வினாவன்று. ஒரு சொல்லின் வரலாற்றையும் ஒரு போரின் வரலாற்றையும் ஒருங்கே ஆராய்ந்தாலன்றி அதற்கு விடையிறுத்தல் இயலாது.

சொல்லின் வரலாற்றை முதலில் நோக்குவோம். 1866ஆம் ஆண்டளவில் வைற்ஹெட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், நீருக்குள்ளே தானாக ஓடிச் சென்று கப்பலின் அடிவயிற்றைப் பிளக்கும் ‘டோர்ப்பீடோ’ என்னும் படைக்கலத்தை ஆக்கினார். அதனை ஏந்திய சிறு படகுகள் இருளிற் பாய்ந்து வந்து மலைபோன்ற போர்க்கப்பல்களையும் மூழ்கடிக்கத்தக்கனவாயின. அப்படகுகளை எதிர்கொண்டு அழித்து, பெருங்கப்பல்களைக் காப்பதற்கென்றே விரைந்து செல்லும் ஒருவகைக் கலத்தைப் பிரித்தானியர் கட்டினர். ‘ஹவொக்’ என்னும் கப்பல் 1893இல் நீரில் இறக்கப்பட்டது. ‘டோர்ப்பீடோப் படகு அழிப்பான்’ என்பதே அவ்வினத்தின் முழுப்பெயர். காலப்போக்கில் முற்பகுதி தேய்ந்து ‘அழிப்பான்’ என்னும் பிற்பகுதி மட்டும் எஞ்சியது. எதனை அழிப்பது என்னும் செய்தி பெயரிலிருந்து மறைந்தது. அழிக்கும் என்னும் செய்தி மாத்திரம் நிலைத்தது. நம்மவர் மொழிபெயர்த்தது இந்தக் குறைப்பெயரையே.

முதலாம் உலக மகாயுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கலங்களைக் கூட்டங்கூட்டமாய் மூழ்கடித்தபோது, 1917இல் பிரித்தானியர் வணிகக் கப்பல்களை அணியணியாகச் சேர்த்துக் காவலுடன் அனுப்பும் முறையைக் கைக்கொண்டனர். அக்காவற் பணியிற் பெரும்பங்கு இந்த நாசகாரிகளுக்கே உரியதாயிற்று. மந்தையைச் சூழ்ந்து ஓடும் நாய்போல, உணவும் எண்ணெயும் ஏற்றிச் செல்லும் கப்பல்களைச் சுற்றிச் சுற்றி வந்து காப்பதே அதன் நாளாந்தத் தொழில். மூழ்கும் கப்பலிலிருந்து கடலிற் குதித்தோரைத் தூக்கியெடுப்பதும் அதன் தொழிலே.

மலைநாட்டானுக்குக் கடலில் என்ன வேலை?

கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலே, பனிமூட்டத்துக்கும் தேயிலைச் செடிகளுக்கும் இடையே கிடக்கும் கந்தப்பளையில் இருந்துகொண்டு கடற்போரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக நேயர்கள் வினவலாம். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுள் கடலையே காணாதோர் உளர். ஆனால், எங்கள் முன்னோர் இத்தீவுக்கு வந்தது கடல் வழியே. அவர்கள் உண்ட அரிசி வந்தது கடல் வழியே. அவர்கள் பறித்த கொழுந்து தேயிலையாகிப் பெட்டிகளில் அடைபட்டுப் புறப்பட்டதும் கடல் வழியே. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை அந்நாளில் ஒரு சிறிய இரயில் பாதை இருந்தது. அது மறைந்து பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. அப்பாதையின் மறுமுனை கொழும்புத் துறைமுகம். துறைமுகத்தின் மறுமுனை இலண்டன். அந்த நீண்ட சங்கிலியின் மேல்முனையில் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆகவே, நடுக்கடலில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் அதிர்ச்சி எங்கள் லயத்து அடுப்பங்கரையில் உணரப்பட்டது. அவ்வாறு இலங்கைக் கடலில் அறுந்த ஒரு கண்ணியின் கதையே இக்கட்டுரை.

‘வாம்பயர்’ என்னும் கப்பல்

அக்கப்பலின் பெயர் ‘வாம்பயர்’. குருதியை உறிஞ்சும் பேய் என்று அதற்குப் பொருள். இனப்பெயர் நாசகாரி, இயற்பெயர் பேய்! இங்கிலாந்தின் வைற் தீவிலுள்ள கவ்ஸ் என்னும் ஊரிற் கட்டப்பட்டு 1917இல் நீரில் இறக்கப்பட்ட கலம் அது. நீளம் 312 அடி. எடை ஏறத்தாழ 1,100 தொன். வேகம் மணிக்கு 34 கடல்மைல். நான்கு பீரங்கிகளும் ஆறு டோர்ப்பீடோக் குழாய்களும் அதன் படைக்கலங்கள். 1933இல் அது அவுஸ்திரேலியக் கடற்படைக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்ட 1939ஆம் ஆண்டின் இறுதியில், ‘ஸ்டுவேர்ட்’, ‘வென்டெற்றா’, ‘வொயேஜர்’, ‘வோட்டர்ஹென்’ என்னும் நான்கு துணைக்கலங்களுடன் மத்தியதரைக் கடலை அடைந்தது. ஐந்தும் முந்திய யுத்தகாலத்துப் பழங்கலங்கள். ஜெர்மானியப் பிரசாரகர் இவற்றைப் ‘பழைய இரும்பு அணி’ என்று எள்ளி நகையாடினர். அவ்வசையையே மாலுமிகள் தமக்கு விருதுப் பெயராகச் சூடிக்கொண்டனர். 1941 ஏப்ரிலில் கிரேக்க நாட்டிலிருந்து நேசநாட்டுப் படைகளைக் கடல் வழியே மீட்டெடுத்த அருஞ்செயலில் வாம்பயருக்கும் பங்குண்டு. அவ்வைந்தனுள் ‘வோட்டர்ஹென்’ 1941 ஜூனிலும், ‘வொயேஜர்’ 1942 செப்டெம்பரிலும் அழிந்தொழிந்தன.

இத்தகைய கலமொன்றில் ஒரு மாலுமி எவ்வாறு வாழ்ந்தான் என்பதை அறிதல் நன்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த ஒடுங்கிய இரும்புக் கூட்டினுள் வாழ வேண்டும். உண்பதும் உறங்குவதும் ஒரே அறையில். மேசைக்கு மேலே கொக்கியில் மாட்டிய தூளிப் படுக்கைகளிற் கிடந்து உறங்குவர். அலை உயர்ந்தால் நீர் உள்ளே புகும், ஈரம் உலர்வதேயில்லை. நாளொன்று ஏழு காவல்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஐந்து காவல்கள் நந்நான்கு மணி நேரம். மாலையில் வரும் இரண்டு மட்டும் இரண்டிரண்டு மணி நேரம். ஏன் இந்த ஒற்றைப்படை எண்? ஆறு காவல்களாகப் பகுத்தால், நள்ளிரவுக் காவல் நாடோறும் ஒருவன் தலையிலேயே விழும். ஏழாகப் பகுத்தமையால் துன்பம் சுழன்று எல்லோருக்கும் பங்காகிறது. துன்பத்தைச் சமமாகப் பங்கிடும் இந்த ஏற்பாட்டை எண்ணுந்தோறும் நான் வியப்பதுண்டு.

கப்பலின் அடித்தளத்தில் கொதிகலனருகே நின்று பணியாற்றியவர் நிலை இன்னும் கடினம். வெளியே நடக்கும் போரை அவர்கள் காணார். மேலே பீரங்கி அதிர்வதையும், திடீரெனக் கப்பல் ஒருபுறம் சாய்ந்து திரும்புவதையும் உடலால் மட்டுமே உணர்வர். குண்டு எங்கு வீழ்ந்தாலும் நீர் முதலிற் புகுவது அவர்கள் இருக்குமிடத்திலேயே. கப்பலின் வேகம் என்று நாம் புகழ்வது, கண்ணுக்குப் புலப்படாத அந்த மனிதரின் வியர்வையே.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்த எனக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றுகிறது. விடியுமுன் கப்பலில் ஊதுகுழல் ஒலித்து மாலுமியை எழுப்பியதுபோலவே, தோட்டத்தில் தப்பு முழங்கித் தொழிலாளியைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. அங்கே அதிகாரி, இங்கே துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. அங்கே பதிவேடு, இங்கே செக்ரோல். நள்ளிரவுக் காவலில் நடுங்கும் மாலுமியின் கையிலிருந்த தகரக் குவளையில் ஆவி பறந்த தேநீர், யாரோ ஒருத்தி மழையில் நனைந்து பறித்த கொழுந்தின் சாறு. அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் ஒரே சங்கிலியின் இரு முனைகளில் நின்று உழைத்தவர்கள் அவர்கள்.

மலாயாக் கடலிலே

1941 டிசெம்பர் 8ஆந் திகதி மாலை, ‘பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றுக்குக் காவலாகச் சென்றவை நான்கு நாசகாரிகள்: ‘இலெக்ட்ரா’, ‘எக்ஸ்பிரஸ்’, ‘டெனிடோஸ்’, ‘வாம்பயர்’. எரிபொருள் குறைந்தமையால் டெனிடோஸ் முன்னதாகவே திருப்பியனுப்பப்பட்டது. 10ஆந் திகதி, குவாந்தான் கரைக்கப்பால், யப்பானிய விமானங்கள் அவ்விரு பெருங்கப்பல்களையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழ்கடலில் ஆழ்த்தின. மாண்டவர் 840 பேர். எண்ணெய் படர்ந்த கடலில் தத்தளித்தவர்களைத் தூக்கியெடுத்தவை எஞ்சிய மூன்று நாசகாரிகளே. வாம்பயர் மாத்திரம் 225 பேரை மீட்டது. தன் மாலுமிகளைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினரை அச்சிறு கலம் தன் தளத்திற் சுமந்து சிங்கப்பூர் மீண்டது. குருதி உறிஞ்சும் பேய் என்று பெயர் பூண்ட கப்பல் அன்று உயிர்களை மீட்டுக் கொடுத்தது.

1942 ஜனவரி 26ஆந் திகதி நள்ளிரவையடுத்து, மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள எண்டாவுக்கு அப்பால் யப்பானியர் படையிறக்குவதைத் தடுக்க, வாம்பயரும் ‘தானெற்’ என்னும் மற்றொரு பழைய நாசகாரியும் அனுப்பப்பட்டன. வலிமிக்க பகைக்கலங்கள் அங்கே காத்திருந்தன. தானெற் மூழ்கியது, வாம்பயர் புகைத்திரையை எழுப்பிக்கொண்டு சிங்கப்பூருக்குத் தப்பியது. சிங்கப்பூர் வீழ்ந்த பெப்ரவரி மாதத்தில் அது இலங்கையை வந்தடைந்தது.

அவ்வாண்டு இலங்கைத் துறைமுகங்களிற் கூடிய கப்பல்களின் மாலுமிகளுக்கு விடுமுறை கிட்டினால், கடற்கரை வெப்பத்தினின்றும் தப்பி மலையை நாடினர். தியத்தலாவையில் கடற்படையினருக்கென ஓர் ஓய்வு முகாம் இருந்தது. மலைப்பாதையில் ஏறும் இரயிலின் சாளரங்களினூடே அவர்கள் கண்ட பச்சைச் சரிவுகளும், அச்சரிவுகளிற் கூடை சுமந்து நின்ற பெண்களும், அவர்களுட் பலர் கடைசியாகக் கண்ட அமைதியான காட்சிகளாக இருந்திருத்தல் கூடும்.

1942 ஏப்ரில்

யப்பானியத் தளபதி நகுமோவின் தலைமையில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட பெரும் அணியொன்று இலங்கையை நோக்கி விரைந்தது. கொக்கலையிலிருந்து கட்டலீனா விமானத்திற் பறந்த கனேடிய வீரர் பேர்ச்சல் என்பார், ஏப்ரில் 4ஆந் திகதி மாலை அவ்வணியைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறையானார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்பின்மீது குண்டுமாரி பொழிந்தது. மலாயாவில் வாம்பயரின் தோழனாயிருந்த டெனிடோஸ் கொழும்புத் துறைமுகத்திலேயே மூழ்கியது. அன்று பிற்பகல் ‘டோர்செற்ஷயர்’, ‘கோண்வால்’ என்னும் இரு பெருங் குரூசர்கள் தென்மேற்குக் கடலில் அழிக்கப்பட்டன. 424 பேர் மாண்டனர். எஞ்சிய ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ முப்பது மணி நேரம் வெய்யிலிலும் உப்புநீரிலும் மிதந்து கிடந்தனர். அவர்களை மீட்கச் சென்றவை ஒரு குரூசரும் ‘பலடின்’, ‘பந்தர்’ என்னும் இரு நாசகாரிகளுமாகும்.

8ஆந் திகதி, யப்பானிய அணி திருகோணமலையை நெருங்குகிறதென்ற செய்தி எட்டியது. துறைமுகத்தில் நின்ற ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றிரவே தெற்கு நோக்கிப் புறப்பட்டது. விமானந்தாங்கியெனினும் அன்று அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதற்குத் துணையாகச் சென்றது வாம்பயர். மறுநாட் காலை இரு கலங்களும் திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது மட்டக்களப்புக்கு அப்பாலே கண்டுபிடிக்கப்பட்டன. முற்பகல் பத்தரை மணியளவில் குண்டுவீச்சு விமானங்கள் திரண்டு வந்தன. காத்தற்கு வானில் நம் பக்கத்து விமானம் எதுவுமில்லை. அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் ஹேர்மிஸ் மூழ்கியது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் அதனுடன் மாண்டனர். அதன்பின் விமானங்கள் வாம்பயரை நாடின. குண்டுகள் தாக்க, பழைய இரும்புக் கலம் இரு கூறாகப் பிளந்து கடலுள் ஆழ்ந்தது. அதன் தலைவர் கொமாண்டர் மொரான் கப்பலோடு மறைந்தார். எனினும், அதன் மாலுமிகளுள் உயிரிழந்தோர் தொகை பத்தையும் எட்டவில்லை என்பது வியப்புக்குரியது. அருகே வந்துகொண்டிருந்த ‘வீட்டா’ என்னும் மருத்துவக் கப்பல் இரு கலங்களிலிருந்தும் ஏறத்தாழ அறுநூறு பேரைக் கடலிலிருந்து மீட்டுக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. மலாயாவிற் பிறரைத் தூக்கியெடுத்தவர்களை இங்கே பிறர் தூக்கியெடுத்தனர்.

மலாயாக் கடலிற் சென்ற நான்கு நாசகாரிகளின் முடிவை இங்கு ஒருசேர நோக்குதல் வேண்டும். இலெக்ட்ரா 1942 பெப்ரவரி 27இல் யாவாக் கடலில் மூழ்கியது. டெனிடோஸ் ஏப்ரில் 5இல் கொழும்பிலும், வாம்பயர் ஏப்ரில் 9இல் மட்டக்களப்புக்கு அப்பாலும் மறைந்தன. எக்ஸ்பிரஸ் ஒன்றே எஞ்சியது. நான்கில் இரண்டு, நான்கு நாள் இடைவெளியில், இலங்கைக் கடலிலேயே தம் பயணத்தை முடித்துக்கொண்டன.

அடுப்பங்கரையில் ஒலித்த எதிரொலி

அதே நாட்களில் மற்றொரு யப்பானிய அணி வங்காள விரிகுடாவிற் புகுந்து இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை அழித்தது. அதற்கு முந்திய மாதமே, மார்ச் 8இல், இரங்கூன் வீழ்ந்துவிட்டது. போருக்கு முன் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்தது. அதற் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. பர்மாவும் போய், கடல்வழியும் காவலிழந்தபோது, அரிசி பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. கந்தப்பளைப் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த என் அப்பாயி அக்காலத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். “சப்பான்காரன் குண்டு போட்ட வருசம் அரிசியக் கண்ணால பாக்குறதே அபூர்வம் அய்யா. மாவு ரொட்டிதான். ஆனா கொழுந்து மட்டும் கொறையக் கூடாதுன்னு கங்காணி தலமாட்டுல நிப்பாரு” என்பார். ஹேர்மிஸ் என்றோ வாம்பயர் என்றோ அவர் கேள்வியுற்றதில்லை. ஆயினும் அக்கப்பல்கள் மூழ்கிய ஆண்டை, அடுப்பில் வெந்த ரொட்டியைக்கொண்டு அவர் நினைவில் வைத்திருந்தார்.

கொழுந்து ஏன் குறையக் கூடாது? பிரித்தானியாவில் 1940 ஜூலையில் தேயிலை பங்கீடு செய்யப்பட்டது. ஆளொருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் மாத்திரமே. 1942 மார்ச்சில் யாவாவும் யப்பானியர் வசமானபின், நேசநாடுகளின் தேயிலைத் தேவைக்கு இந்தியாவும் இலங்கையுமே பெரும்பாலும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. பிரித்தானிய உணவு அமைச்சே தேயிலையை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. மாலுமிக்கும் போர்வீரனுக்கும் வெடிமருந்தைப் போலவே தேநீரும் இன்றியமையாததாகக் கருதப்பட்டது. ஆக, போர்க்களத்துக்கு ஒரு பொருளை ஓயாது வழங்கிய போர்த் தொழிலாளரே எங்கள் முன்னோர் என்று கூறுதல் மிகையாகாது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அந்த நாசகாரிகள் காத்தது யாரை? முதலாவதாக, ஒரு பேரரசையும் அதன் வாணிகத்தையுமே அவை காத்தன. தேயிலைப் பெட்டி போகும் வழியைக் காத்தபோது, அரிசி மூட்டை வரும் வழியும் உடன் காக்கப்பட்டது. அவ்வளவே. எதிரியின் கப்பலா, காக்க வந்த கப்பலா என்னும் வினாவுக்கு, அது பேரரசின் கப்பல் என்பதே வரலாறு தரும் விடை. ஆனால், கப்பல் பேரரசுடையதாயினும், கடலில் மிதந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிய மாலுமியின் கை மனிதனுடைய கை. இவ்விரண்டையும் பகுத்துணரக் கற்பித்தலே வரலாற்றாசிரியனின் கடமை.

பெயர் நின்றவரும் பெயரழிந்தவரும்

1914 செப்டெம்பர் 22இல் ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையின்மீது குண்டு வீசிச் சென்றது. அவ்வோர் இரவின் செயலால் ‘எம்டன்’ என்பது தமிழிற் சொல்லாகவே நிலைத்துவிட்டது. கைகாரனையும் சூழ்ச்சிக்காரனையும் அவன் ஓர் எம்டன் என்கிறோம். அந்த எம்டனை அதே ஆண்டு நவம்பரில் கொக்கோஸ் தீவருகே செயலிழக்கச் செய்தது ‘சிட்னி’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பல். அப்பெயரை அதன்பொருட்டு நினைப்பார் நம்மிடையே இலர். நம் கரையோரத்திலேயே கிடக்கும் வாம்பயரையும் நினைப்பார் இலர். தாக்கியவன் பெயர் மொழியிற் புகுகிறது. காவல் நின்றவன் பெயர் கடலிற் கரைகிறது. மொழியின் இயல்பு இதுவெனின், மொழியாசிரியர்களாகிய நமக்கு இதனைத் திருத்தும் பொறுப்புண்டு.

இலங்கையரின் கடற்பணியையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 1938இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கடற்றொண்டர் படை, போர்க்காலத்திற் கண்ணிவெடிகளை அகற்றும் பணியிலும் துறைமுகக் காவலிலும் ஈடுபட்டது. பின்னர் பிரித்தானிய றோயல் கடற்படையின் தொண்டர் பிரிவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. போர்க்காலத்தில் அப்படையிற் சேர்ந்த ராஜன் கதிர்காமர் என்னும் தமிழர், 1960 முதல் 1970 வரை இலங்கைக் கடற்படையின் தளபதியாக விளங்கினார். சங்ககாலந்தொட்டு நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, திமில் என்று கப்பலுக்கு எத்தனையோ பெயர் வைத்திருந்த ஓரினத்துக்கு இது பொருத்தமானதொரு தொடர்ச்சியே.

வாம்பயர் மாலுமிகளைப் போலக் கடலிலே மறைந்த அவுஸ்திரேலியக் கடற்படையினரின் பெயர்கள், இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள கடற்படை நினைவுச்சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. உடல் கிடைக்காதவனுக்கும் பெயராவது கல்லில் நிற்க வேண்டும் என்பது அந்நாட்டார் கொள்கை. அது போற்றற்குரியது. 1959இல் மற்றொரு நாசகாரிக்கு வாம்பயர் என்னும் பெயரையே சூட்டிப் பணியில் அமர்த்தினர். அக்கப்பல் இன்று சிட்னித் துறைமுகத்தில் அருங்காட்சியகக் கலமாக நிற்கிறது.

எங்கள் தோட்டங்களிலும் ‘பேர்’ என்றொரு வழக்குண்டு. ஒரு நாள் முழு வேலைக்குரிய கூலியே அங்கே ‘பேர்’. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. தொழிலாளியின் பெயர் எழுதப்பட்டது செக்ரோலில் மட்டுமே. அதுவும் அன்றைய கூலிக்கணக்குக்காகவே. போர்க்காலத்தில் அரைவயிறுண்டு முழுப்பேர் போட்ட அம்மக்களுக்கு எந்தக் கல்லிலும் பேர் இல்லை. கல் இல்லாமை மட்டுமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்த மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிற் பேரற்றவராயினர். 1942இல் இன்றியமையாதோராய் இருந்தவர், ஆறே ஆண்டுகளில் வேண்டாதோராயினர். நாடற்றோராய் எஞ்சியவர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேயே. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் மறைந்தோரின் பேர் எந்தக் குடிப்பதிவிலும் ஏறவில்லை. கடலில் மூழ்கிய கப்பலுக்கு நாளும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளன. சட்டத்தால் மூழ்கிய மக்களுக்கோ, அவர்களை மீட்க ஒரு வீட்டாக் கப்பல் வர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. இலங்கை தாக்கப்பட்ட வரலாற்றைக் கற்பிக்கும்போது, தளபதிகளின் பெயரோடு நிறுத்தற்க. கொதிகலனருகே நின்றவனையும் கொழுந்து மலையில் நின்றவளையும் ஒரே பாடத்திற் சேர்த்துக் கற்பியுங்கள். அந்த ஆண்டை அனுபவித்த முதியோர் ஒருசிலரே இன்று எஞ்சியுள்ளனர். அவர்தம் பிள்ளைகளின் நினைவில் இன்னும் சில செய்திகள் தங்கியுள்ளன: எந்தத் தோட்டத்தில் எத்தனை நாள் அரிசியில்லாதிருந்தது, எந்த லயத்தில் யார் நோயுற்று மாண்டார், கூப்பனுக்கு எவ்வளவு மா கிடைத்தது என்பன போன்றவை. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டில் இவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பானாயின், கல்லிற் பொறிக்கப்படாத பேர்கள் தாளிலேனும் நிற்கும்.

சொல்லைப் பற்றித் தொடங்கியமையால் சொல்லைப் பற்றியே ஒன்று கூறி அமைகிறேன். நாசகாரி என்னும் வழக்கை ஒழிக்க வேண்டுமென்று நான் வாதாடவில்லை; வழக்கு வலிது. ஆயினும், வகுப்பறையில் அச்சொல் வரும்போது, அதன் அருகே ‘காவற்கலம்’ என்று ஒரு சொல்லையும் கரும்பலகையில் எழுதுங்கள். முதற்சொல் அதன் பெயர். இரண்டாவது சொல் அதன் தொழில். கப்பலாயினும் மக்களாயினும், பிறர் இட்ட பெயரைக்கொண்டு மதிப்பிடாமல் ஆற்றிய தொழிலைக்கொண்டு மதிப்பிடும் பழக்கம் இளமையிலேயே வேரூன்றட்டும்.